சின்னானுக்கு மிச்சமிருந்த ஐந்து அடி

அடி வாங்குவதற்கு ஒரு கழகமும் தலைவரும் செயலாளரும் வேண்டும் என்று வேலுசாமிக்கு நாற்பத்தாறு வயது வரை தெரியாது. அவனுக்குத் தெரிந்த அடியெல்லாம் எந்த ஏற்பாடும் இல்லாமல் தானாக வந்து விழுந்தவை. சின்ன வயதில் கங்காணி அடித்தார். எண்பத்துமூன்றில் வீதியில் வைத்து யார் யாரோ அடித்தார்கள். தொண்ணூற்றாறில் கொழும்பில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். இல்லை என்றான். அதற்குப் பிறகு அவர்கள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு விலா எலும்பு உடைந்து மூன்றாம் நாள் வீடு வந்து சேர்ந்தான். இதில் எதற்கும் யாரும் அழைப்பிதழ் அச்சடித்ததில்லை, முடிவில் தேநீரும் பிஸ்கட்டும் தந்ததில்லை. அடிக்கும் ஒரு நிகழ்ச்சி நிரல் உண்டு என்பதை ஊத்துமலை மரபுரிமைக் காப்புக் கழகம்தான் அவனுக்குக் கற்றுக் கொடுத்தது.

ஊத்துமலை, கேகாலையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வருகிற ரப்பர் தோட்டம். வேலுசாமி அங்கே பால் வெட்டுகிறவன். அவனுடைய மகள் கோகிலா இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஏ.எல். சோதனை எழுத வேண்டியவள். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான அந்த லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் அவள்தான். சோதனை மண்டபத்துக்குள் போக அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிரஜாவுரிமை வேண்டும். அதற்கு முதலில் தகப்பன் இந்த மண்ணில் பரம்பரையாக இருந்ததை எழுத்தில் காட்ட வேண்டும் என்று கிராம சேவகர் சொல்லிவிட்டார்.

"ஏதாவது ஒரு பழைய கடதாசி கொண்டு வாங்க. சீல் இருந்தா சரி" என்றார் அவர். நல்ல மனிதர். சிங்களவராக இருந்தாலும் தமிழில்தான் பேசுவார். எதையும் மறுக்கமாட்டார், கடதாசி இருந்தால்.

தோட்டத்து ஆபீசில் கேட்டபோது, பழைய புத்தகங்கள் எல்லாவற்றையும் மரபுரிமைக் கழகத்துக்குக் கொடுத்தாகிவிட்டது என்று கையை விரித்தார்கள்.

கழகத்துக்கு ஏழு பேர். ஏழு பேரும் ஓய்வு பெற்ற கனவான்கள். தலைவர் ஸ்ரீதரன் துரை. முப்பத்தொரு வருஷம் தோட்டங்களை நிர்வகிக்கிற பெரிய துரையாக இருந்துவிட்டு, மிரட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனதால் வரலாற்றுப் பக்கம் வந்தவர். செயலாளர் ஹுஸைன் மாஸ்டர், டவுனில் சரித்திரம் படிப்பித்தவர். அவர் ஒரு பொய் சொல்லமாட்டார், ஒரு விதியையும் மீறமாட்டார். மாதம் ஒருமுறை, பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்துப் பலாமரத்தடியில் கழகத்தின் கல்விச் சொற்பொழிவு நடக்கும். "வெள்ளையர் காலத்துப் படிக்கட்டுகள்" என்று ஒரு மாதம், "வெள்ளையர் காலத்துக் கதவுப் பிணைச்சல்கள்" என்று இன்னொரு மாதம். கேட்பதற்கு ஏழு பேர் வருவார்கள். அந்த ஏழு பேரும் இந்த ஏழு பேர்தான்.

வேலுசாமி போய் நின்ற அன்று அவர்கள் துக்கத்தில் இருந்தார்கள். தோட்டத்துப் பேர்ப்பதிவுப் புத்தகங்களை வெளிச்சம் படாமல், காற்றுப் படாமல், யாருடைய கையும் படாமல் நான்கு வருஷம் அலுமாரியில் பாதுகாத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே கரையான்தான் இருந்தது. பிறப்பு, இறப்பு, வேலைக்கு வந்த நாள் எல்லாம் போய்விட்டன. தடித்த தோல் அட்டை போட்ட ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் கரையான் தொடவில்லை. அது தோட்டத்துக் கசையடிப் புத்தகம்.

ஹுஸைன் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஒங்கட பூட்டனார்ட பேரு என்ன?"

"சின்னான்னு சொல்லுவாங்க."

"இந்தா ஈக்கிது."

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று. சின்னான், இரண்டாம் டிவிசன். பெரட்டுக்குப் பிந்தி வந்தது. கட்டளை பன்னிரண்டு. கொடுத்தது ஏழு. மழையால் நிறுத்தப்பட்டது. மிச்சம் ஐந்து.

வேலுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுடைய வம்சத்தில் ஒருவன் இங்கே இருந்தான் என்று உலகத்தில் எழுதியிருந்த ஒரே இடம் அதுதான். ஸ்ரீதரன் துரைக்கும் கண் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

"நூற்றுப் பதினொரு வருஷமாக நிறைவேறாமல் கிடக்கிற வரலாறு" என்றார் அவர்.

"தொர, அந்தப் பக்கத்த மட்டும் ஒரு போட்டோ கொப்பி எடுத்து, சீல் அடிச்சுத் தந்தீங்கன்னா போதுங்க."

"வேலுசாமி, வரலாறு என்பது கடையில் கொப்பி அடிக்கிற சாமான் இல்லை. அதில் பங்குபற்ற வேண்டும். பங்குபற்றினால் சான்றிதழ் உண்டு."

அடுத்த போயாவுக்கு விசேட நிகழ்ச்சி என்று சுவரொட்டி ஒட்டினார்கள். வேலுசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். மூன்றாம் வரிசையில் ஒரு கதிரை கிடைக்கும் என்று நினைத்துத்தான் போனான். மரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு தொப்பியையும் பிரம்பையும் எடுத்தார்கள். இரண்டும் பழையவை, பிரம்புக்கு மட்டும் புதிதாக எண்ணெய் பூசியிருந்தது.

ஹுஸைன் மாஸ்டர் எழுந்து, பழைய புத்தகத்தைப் படித்துத் தான் தொகுத்த நடைமுறையை வாசித்தார். தொப்பி வைத்தவர் அடிப்பார். மரத்தடியில் நிற்கிறவர் வாங்குவார். யார் பேருக்கு அடி விழுகிறதோ அந்தப் பேர்தான் புத்தகத்தில் ஏறும்; யார் முதுகு என்பது புத்தகத்துக்குத் தேவையில்லை. அழுகைக்கும் கெஞ்சலுக்கும் நிறுத்த முடியாது. மழைக்கு மட்டும் நிறுத்தலாம்.

ஸ்ரீதரன் துரை தொப்பியை வைத்துக்கொண்டு பேசினார். "நாங்கள் அடியை நியாயப்படுத்தவில்லை. கண்டிக்கவும் இல்லை. நியாயம், அநியாயம் பார்ப்பது எங்கள் யாப்பு விதிகளில் கிடையாது. நாங்கள் பாதுகாக்கிறோம். ஒரு பழைய பாலத்தைப் பாதுகாப்பதென்றால் அதன்மேல் நடந்து பார்க்க வேண்டாமா? அதுபோலத்தான்."

மற்ற ஆறு பேரில் ஐந்து பேர் கைதட்டினார்கள். மாஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

முதலாவது அடியில் வேலுசாமிக்கு வலியை விட ஆச்சரியம்தான் அதிகம். துரைக்கு அறுபத்துநாலு வயது. ஆனால் கை அந்தக் கணக்கில் இல்லை. இரண்டாவதில் சட்டை கிழிந்தது. மூன்றாவது சரியாக அதே இடத்தில் விழுந்தது. நான்காவதில் அவன் பலாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஐந்தாவது முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், சின்னானுடைய வரலாறு பூர்த்தியானதற்காக. தேநீர் வந்தது. கதிரையில் சாய முடியாமல் நுனியில் உட்கார்ந்து இரண்டு பிஸ்கட் தின்றான்.

சான்றிதழில் தங்கநிறக் கரை, பெரிய சீல். கிராம சேவகர் அதை ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"இந்தச் சின்னான் இப்ப எங்க?"

"செத்துட்டாருங்க."

"அப்ப அவருக்கு ஐ.டி. தேவையில்லயே. ஒங்க பேரு எங்க?"

வேலுசாமி திரும்பத் திரும்பத் தேடினான். அவனுடைய பேர் அதில் இல்லை. விழுந்தது சின்னானின் அடி. விதிப்படி சின்னான் பேர்தான் ஏறியிருந்தது.

"ஒங்க பேர்ல ஒன்னு கொண்டு வாங்க" என்றார் கிராம சேவகர், அன்பாக.

இப்படித்தான் வேலுசாமி இரண்டாம் முறை தானாகவே போய் நின்றான். சின்னானுக்கு மிச்சம் ஐந்து. இவனுக்கு எல்லாமே மிச்சம், ஆகவே முழுப் பன்னிரண்டு. கழகம் இப்போது சூடு பிடித்திருந்தது. டவுனிலிருந்து ஒரு பாடசாலை, பிள்ளைகளைக் களப்பயணம் கூட்டிவருவதாக எழுதியிருந்தது. செயற்குழு மூன்று தரம் கூடியது. அந்தக் காலத்தில் கூலிகளுக்குச் சட்டை இல்லை என்பதால் சட்டை கூடாது என்று முதல் கூட்டத்தில் முடிவானது. காயத்துக்கு உப்புத் தடவியதாகப் புத்தகத்தில் இருந்ததால் உப்பும் வேண்டும் என்று இரண்டாம் கூட்டத்தில் முடிவானது. மூன்றாவது கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது. கடையில் இருப்பது அயடின் கலந்த உப்பு. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றில் அயடின் கலக்கவில்லை. அதைத் தடவினால் வரலாற்றைத் திரிப்பதாகும் என்று ஓர் உறுப்பினர் மேசையைத் தட்டினார். கடைசியில் புத்தளத்துக்கு ஆள் அனுப்பி வெறும் கல்லுப்புக் கொண்டுவந்தார்கள்.

அன்று முப்பது பிள்ளைகள் பெரட்டுக்களத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வினாத்தாள். அடிக்கும் அடிக்கும் இடையில் எத்தனை வினாடி? தழும்பு எத்தனை விரற்கடை? சரியான விடையின் கீழ்க் கோடிடுக.

நான்காவது அடியில் தோல் பிரிந்தது. ஆறாவதில் இரத்தம் வேட்டியின் விளிம்புவரை வந்தது. ஏழாவதில், கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்லுங்கள், எழுத மறைக்கிறது என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள். ஒன்பதாவதில் வேலுசாமியின் கால் மடிந்து போயிற்று. வானத்தில் மழை இல்லை. ஆகவே இரண்டு உறுப்பினர்கள் அவனைத் தூக்கிப் பிடித்தார்கள், மீதி மூன்றும் விழுந்தன. உப்பு வைத்தபோது அவன் போட்ட சத்தத்தில் ஒரு சிறுமி வாந்தி எடுத்தாள். அந்தப் பிள்ளைக்குச் சரித்திரத்தில் ஈடுபாடு போதாது என்று கூட வந்த ஆசிரியர் குறித்துக்கொண்டார்.

பிறகு ஸ்ரீதரன் துரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் பேசினார். "பார்த்தீர்களா? இப்படியெல்லாம் இனி இந்த நாட்டில் நடக்கக் கூடாது. அதற்காகத்தான் மாதந்தோறும் செய்துகாட்டுகிறோம்."

வேலுசாமி பத்து நாள் குப்புறக் கிடந்தான். அவனுடைய மரங்களையும் சேர்த்து அவன் மனைவி கருப்பாயிதான் வெட்டினாள். பதினோராம் நாள் சான்றிதழோடு போனான். வேலுசாமி, இரண்டாம் டிவிசன், பன்னிரண்டு, பூர்த்தி. கிராம சேவகர் வாசித்தார், தலையாட்டினார், சீல் அடித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் அவனுக்கு முதுகு வலி பாதி போய்விட்டது.

"இனி மகளுக்கும் எழுதிருவீங்கதானே மாத்தயா?"

"மகளுக்கு வேற கடதாசி வேணும். ஆளுக்கு ஒன்னு. சோதனைக்கு ஆறு கிழமைதான் இருக்கு, சீக்கிரம் கொண்டு வாங்க."

அன்றைக்கு லயத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கோகிலா கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "பன்னெண்டுதானப்பா. சோதனைக்கு முன்னுக்கு ஆறிரும். எழுதுறது கைதான, முதுகு இல்லயே."

கருப்பாயி அவள் கன்னத்தில் ஓர் அறை வைத்தாள். பிறகு அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். "ஒன்னயப் படிக்க வச்சது அந்த மரத்துல கட்டுறதுக்கா? நான் நிக்கிறேன். என்னையக் கட்டட்டும்."

இத்தனை வருஷமும் வேலுசாமிக்கு, தன்னை அடித்தவர்கள்மேல் வராத கோபம் அன்றைக்கு வந்தது. கோபமென்றால் சின்னக் கோபமில்லை. பால் வெட்டுகிற கத்தியை எடுத்து வெகுநேரம் கல்லில் தீட்டினான். பிறகு அதைக் கூரையில் செருகிவிட்டு, ஹுஸைன் மாஸ்டரைப் பார்க்கப் போனான். கத்தியால் கோகிலாவுக்கு அடையாள அட்டை கிடைக்காது என்கிற அளவுக்கு அவனுக்கு நிதானம் இருந்தது.

"மாஸ்டர், மக பேருக்கு விழுறத நானே வாங்கிக்கலாமுங்களா?"

மாஸ்டர் குறிப்பேட்டைப் பார்த்தார். "ஏலாது வேலுசாமி. போன கூட்டத்துல ஒரு தீர்மானம் எடுத்தீக்கிது. ஒரே முதுக வருஷத்துல ரெண்டு தரத்துக்கு மேல பாவிக்கக் கூடாதாம். காட்சிப்பொருள் பழுதாப்போகுமாம்."

"அப்ப வேற ஒருத்தர் வாங்குனா?"

"வாங்கலாம். யார்ட முதுகு எண்டு புத்தகம் கேக்காதே. சின்னான்ட அடிய நீங்க வாங்கினீங்கதானே." மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் பொம்புளப் புள்ள ஈக்கிது. ஆனா விதி விதிதான்."

"விதி எல்லாருக்கும்தானுங்களே மாஸ்டர்?"

"எல்லாருக்கும்."

ஸ்ரீதரன் துரைக்குக் கோகிலாவின் பேரைக் கேட்டதும் ஒரே சந்தோஷம். கழகத்தின் வேலைகளில் பெண்களின் பங்களிப்பு போதவில்லை என்று நன்கொடை தருகிறவர்கள் கடிதம் எழுதியிருந்தார்களாம். வருடாந்த மரபுரிமை தினத்திலேயே வைத்துவிடலாம் என்றார். கொழும்பிலிருந்து ஒரு பெரிய உத்தியோகத்தர் பிரதம விருந்தினர். லயத்து ஆட்களை எல்லாம் பழைய பெரட்டுப் போலவே வரிசையில் நிற்க வைத்தார்கள். தப்பு மேளம் அடித்தார்கள். மூன்று மாதமாகக் கேகாலைப் பக்கம் சும்மாவே பெய்துகொண்டிருந்த மழை அன்றைக்கும் எட்டிப்பார்க்கவில்லை.

கோகிலா பாடசாலைச் சீருடையில் மரத்தடியில் நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். கருப்பாயி அவளுக்குப் பக்கத்தில்.

அடிபட்டு இறந்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம் என்று மாஸ்டர் அறிவித்தார். ஸ்ரீதரன் துரை மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். மௌனம் முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்தார். பிரதம விருந்தினர் முன்னால் இருந்ததால் அன்றைக்கு அவருக்குப் பேச்சு பெருகி வந்தது.

"இந்த மரத்தடியில் விழுந்த ஒவ்வோர் அடியும் எனக்குப் புனிதம். தொழிலாளியின் வலி என் வலி. முப்பத்தொரு வருஷம் நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். இதோ, இந்தப் பெண்பிள்ளைக்கு விழப்போகிற பன்னிரண்டையும் என் முதுகில் வாங்கிக்கொள்ளவும் நான் தயார். ஆனால் என்ன செய்வது, எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை."

"இருக்குங்க தொர" என்றான் வேலுசாமி.

அவன் மேசைக்குப் போய்த் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். அது அவனுக்குக் கொஞ்சம் பெரிது. பிரதம விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். இப்படி ஒரு திருப்பத்தை அவர் எந்த மரபுரிமை தினத்திலும் பார்த்ததில்லை. அவர் தட்டியதால் உறுப்பினர்கள் தட்டினார்கள். பிறகு லயத்து வரிசைகள் தட்டின. அது நிற்கவே இல்லை.

ஸ்ரீதரன் துரை சிரித்தார். "நல்லது, நல்லது. அடையாளமாக ஒன்று."

மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அடையாளம் எண்டு ஒரு பத்தி இதுல இல்ல தொர. கட்டளை பன்னிரண்டு."

பழக்கப்பட்ட இரண்டு உறுப்பினர்களும் பழக்கப்பட்டபடியே வந்து துரையின் சட்டையைக் கழற்றினார்கள், கையை மரத்தைச் சுற்றிக் கட்டினார்கள். கோகிலா பேருக்கு என்று மாஸ்டர் உரக்கச் சொல்லி, பேனாவைத் திறந்தார்.

பால் வெட்டுகிறவனுக்குக் கை அளவு தெரியும். பட்டையை மட்டும் சீவ வேண்டும், உள்ளே மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் மரம் கெட்டுப்போகும். வேலுசாமி அந்த அளவில்தான் அடித்தான். முதல் அடியில் துரையின் சிரிப்பு நின்றது. இரண்டாவது, முதலாவதற்கு ஓர் அங்குலம் கீழே, அதே சாய்வில் விழுந்தது. மூன்றாவதில் துரை கத்தினார். "நிறுத்துங்கள். நிறுத்தச் சொல்கிறேன். நான் இந்தக் கழகத்தின் தலைவர்."

"தொண்ணூத்து மூணுல சின்னானும் நிறுத்தச் சொல்லித்தான் ஈக்கிறாரு. இதுலயே எழுதியீக்கிது" என்றார் மாஸ்டர். "மழைக்கு மட்டும்தான் ஏலும்."

பெரட்டு வரிசை முழுவதும் தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தது. ஒரு மேகம்கூட இல்லை.

ஆறு. ஏழு. இரத்தம் நேராக, ஒழுங்காக இறங்கியது. எட்டாவதில் துரை கெட்ட வார்த்தைகளைச் சொன்னார். ஒன்பதாவதில் தன் அம்மாவைக் கூப்பிட்டார். பத்தாவதில் வேலுசாமிக்குக் கொழும்புப் பஸ் தரிப்பிடம் ஞாபகம் வந்தது. பதினோராவதை அவன் முழு மனதோடு அனுபவித்தான். அதற்காகப் பிறகு ஒருநாளும் அவன் வெட்கப்படவில்லை. பன்னிரண்டாவதை அடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, எடுத்த இடத்தில் வைத்தான்.

கருப்பாயி ஒரு சிரட்டை நிறைய உப்போடு வந்தாள். "பயப்புடாதீங்க தொர. அயடின் இல்லாத உப்புதான்."

பிரதம விருந்தினர் உரையாற்றும்போது, தான் எத்தனையோ நாடுகளில் வரலாற்று நடிப்புகளைப் பார்த்ததாகவும், இது நடிப்பென்றே தோன்றவில்லை என்றும் மனதாரப் பாராட்டினார். தலைவரைத் தேடிக் கைகொடுக்கப் போனார். தலைவரை அதற்குள் ஒரு வான் வண்டியில் குப்புறப் படுக்க வைத்து ஆசுபத்திரிக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். பொலிசில் சொல்வதா என்று உறுப்பினர்கள் யோசித்தார்கள். சொன்னால் போன மாதத்துப் பன்னிரண்டையும் அதற்கு முந்திய ஐந்தையும் சொல்ல வேண்டி வரும் என்று மாஸ்டர் நினைவூட்டினார். யோசனை அத்தோடு நின்றது.

மறுநாள் காலை கழக வாசலில் லயத்து ஆட்கள் நாற்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் கடதாசி வேண்டும். முதுகுக்கு யாரைப் போடுவது என்று பேசித் தீர்க்க, மாஸ்டர் செயற்குழுவை அவசரமாகக் கூட்டினார். வந்தவர் அவர் ஒருவர் மட்டுமே. கூட்டம் நடத்தப் போதுமான ஆள், அதாவது கோரம், இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதென்று அவரே எழுதி அவரே கையெழுத்து வைத்தார்.

கிராம சேவகர் சான்றிதழை இரண்டு தரம் வாசித்தார். கோகிலா, இரண்டாம் டிவிசன், பன்னிரண்டு, பூர்த்தி. அவர் முகம் வாடியது.

"பொம்பளப் பிள்ளைக்குப் பன்னிரண்டா? தாங்கிச்சா?"

"சத்தம்தான் கொஞ்சம் கூடப் போட்டுச்சுங்க மாத்தயா."

அவர் பெருமூச்சு விட்டுச் சீல் அடித்தார். கடதாசியை நீட்டும்போது சொன்னார். "மத்த ஆளுகளயும் இதே மாதிரி சீலோட கொண்டு வரச் சொல்லுங்க. நான் யாருக்கும் இல்லன்னு சொல்லமாட்டேன்."

வேலுசாமி கடதாசியை மடிக்காமல், மகளுடைய கணக்குப் புத்தகத்துக்குள் தட்டையாக வைத்தான்.

"ஆளுங்க நாப்பத்தொரு பேரு ரெடியாத்தான் இருக்காங்க மாத்தயா. அடி வாங்கத்தான் தொரமாரு கெடைக்க மாட்டேங்குறாங்க."